ஏற்காட்டில் மூச்சு வாங்குவது ஏன்? செல், நுரையீரல், காபித் தோட்டம் மூன்றையும் ஒரே செயல்திட்டத்தில் சேர்ப்பது எப்படி?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு "செல், உடல் மண்டலம், சூழ்நிலை மண்டலம் மூன்றையும் இணைத்து ஒரு செயல்திட்டம்" கொடுத்திருக்கிறார்கள். சேலத்தில் இருப்பதால் ஏற்காட்டை வைத்தே செய்துவிடலாமா என்பது ஒன்று. "மலையில் ஆக்ஸிஜன் சதவீதம் குறைவு, அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்கிறார்கள், மரம் நிறைய இருப்பதால் ஆக்ஸிஜன் அதிகம் என்றும் சொல்கிறார்கள், எது சரி?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு, தாராளமாகச் செய்யலாம். இரண்டாவதில், அந்த இரண்டு பேச்சுமே தவறு. அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். மூன்று பாடங்களும் எங்கே இணைகின்றன என்பது அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இரண்டு இடத்திலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு 21 சதவீதம்தான், அது மாறுவதில்லை. மாறுவது காற்றழுத்தம். சேலத்தில் அது சுமார் 735 மி.மீ. பாதரசம், ஏற்காட்டில் சுமார் 635. மூச்சுக்குழாய்க்குள் போனதும் காற்று ஈரமாகிவிடும். உடல் வெப்பநிலையில் நீராவி மட்டும் 47 மி.மீ. பிடித்துக்கொள்ளும். அதைக் கழித்து, மீதியில் 21 சதவீதம் கணக்கிட்டால் ஆக்ஸிஜன் மட்டும் தரும் அழுத்தம் (பகுதி அழுத்தம்) சேலத்தில் சுமார் 144, ஏற்காட்டில் சுமார் 123. ஆக, ஏழில் ஒரு பங்கு குறைவு. உங்கள் மகள் அறிக்கையில் எழுத வேண்டியது இந்த வாக்கியம்தான்: "ஆக்ஸிஜனின் சதவீதம் குறையவில்லை, அழுத்தம் குறைந்தது." இந்த இடத்தில்தான் பெரும்பாலான மாணவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள்.

ஏழில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சு வாங்குமா? சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளுக்கு வாங்காது. ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிக்கும் விதம் அப்படி. அழுத்தம் நன்றாக இருக்கும்போது அது கிட்டத்தட்ட நிரம்பிவிடுகிறது, பிறகு அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் செறிவு பெரிதாக இறங்காது. சேலத்தில் 97, 98 காட்டும் விரல் ஆக்ஸிமீட்டர் ஏற்காட்டில் 95, 96 காட்டலாம். நுரையீரலில் இருக்கும் நுண்காற்றறையின் சுவரும் அதைச் சுற்றியுள்ள தந்துகி என்ற மெல்லிய ரத்தக் குழாயின் சுவரும் சேர்ந்தே ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன்தான். ஓய்வில் ஒரு சிவப்பணு அந்தத் தந்துகியில் முக்கால் நொடி இருக்கிறது, நிரம்புவதற்குக் கால் நொடி போதும். அவ்வளவு உபரி வைத்துத்தான் உடல் வேலை செய்கிறது. சரிவில் ஏறும்போது மூச்சு வாங்குவதற்கு முக்கியக் காரணம் தொடைத் தசை செய்யும் வேலை. தசையில் உருவாகும் கார்பன் டைஆக்சைடைத்தான் மூளையின் அடிப்பகுதியான முகுளம் முதலில் கவனிக்கிறது. மூச்சின் வேகத்தைக் கூட்டச் சொல்வது பெரும்பாலும் அதுதான். அழுத்தக் குறைவு அதோடு கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. காது அடைப்பது நடுச்செவிக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டால், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுப்பது உட்செவியின் அரைவட்டக் குழல்கள் சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாததால். இந்த மூன்றையும் "ஆக்ஸிஜன் குறைவு" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது.

மரம் நிறைய இருப்பதால் ஆக்ஸிஜன் அதிகம் என்பதும் நிற்காது. காற்று ஓயாமல் கலந்துகொண்டே இருக்கிறது, காட்டுக்குள்ளும் சேலத்து அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலும் 21 சதவீதம்தான். வளர்ந்து முடிந்த காடு பகலில் வெளிவிடும் ஆக்ஸிஜனை அதன் வேர், பூஞ்சை, மண் பாக்டீரியா, இரவில் சுவாசிக்கும் இலை எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட அப்படியே செலவழித்துவிடுகின்றன. மலையில் காற்று இதமாகத் தெரிவது குளிர்ச்சியாலும் தூசு, புகை குறைவதாலும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதால், சேலத்தை விட ஏற்காடு ஏழெட்டு டிகிரி குளிராக இருப்பது இயல்பு.

இப்போது இணைப்புக்கு வருவோம். செல், உறுப்பு, உடல், தோட்டம், ஏரி எதை எடுத்தாலும் மகள் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: உள்ளே எது போகிறது, வெளியே எது வருகிறது, எந்த வாசல் வழியாக? செல்லுக்குச் செல் சவ்வு, இலைக்கு இலைத்துளை, நமக்கு நுண்காற்றறை, ஏரிக்கு நீர்ப்பரப்பு. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு விலை உண்டு. இலை ஒரு மூலக்கூறு கார்பன் டைஆக்சைடை உள்ளே எடுக்கும் நேரத்தில் சில நூறு மூலக்கூறு நீரை வெளியே விடுகிறது. நாம் ஒவ்வொரு மூச்சிலும் ஈரத்தை இழக்கிறோம். திறந்திருக்கும் வாசல் வழியாக நோயும் நுழையும். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டால் மூன்று பாடத்தையும் வலிந்து ஒட்ட வேண்டியதில்லை.

செல்லுக்கு வெங்காயம் போதும். ஆனால் வழக்கமான வெள்ளைத் தோலை விட்டுவிட்டு, சிவப்பு வெங்காயச் செதிலின் வெளிப்பக்கத்து ஊதாத் தோலை எடுக்கச் சொல்லுங்கள். அதில் நுண்குமிழிக்குள் நிறமி ஏற்கனவே இருப்பதால் சாஃப்ரனின் என்ற சாயம் தேவையில்லை. ஐந்து மி.மீ. துண்டு போதும், பெரிதாக எடுத்தால் மடிந்துவிடும். ஸ்லைடில் ஒரு சொட்டு நீர், அதில் தோல், கவர் ஸ்லிப்பை ஒரு ஓரத்தில் ஊன்றிச் சாய்வாக மெல்ல இறக்க வேண்டும். நேராகப் போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும்; கறுத்த, தடித்த விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிவதை "செல்" என்று வரைந்து வருபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. வெங்காயச் செல் செங்கல் அடுக்கினாற்போல் நீளமாக இருக்கும். அதில் பசுங்கணிகம் இருக்காது. புத்தகப் படத்தில் இருக்கிறதே என்று பச்சைப் புள்ளி வைத்துவிட வேண்டாம்.

பிறகு 100 மி.லி. நீரில் ஐந்து கிராம் உப்புக் கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் செல் சுவரை விட்டு உள்வாங்கும். சுவர் அசையாது, உள்ளிருக்கும் உயிருள்ள பகுதி மட்டும் சுருங்கும். அதுதான் பிளாஸ்மா சிதைவு. உடனே வெறும் நீரை அதே போல் செலுத்தினால் பெரும்பாலான செல்கள் மீண்டும் நிரம்பும். ரொம்ப நேரம் உப்பில் விட்டால் சவ்வு கெட்டுவிடும், நிறம் கசிந்து எங்கும் பரவும், பிறகு திரும்பாது. சவ்வு உயிரோடு இருக்கும் வரைதான் வாசல் வாசலாக இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை பள்ளி அளவில் வேறில்லை.

அடுத்து இலை. இங்கேதான் ஏற்காடு கைகொடுக்கிறது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி இந்த மலைக்கு வந்தது. இன்று சில்வர் ஓக் நிழலில் அரபிகா காபி, மரத்தில் ஏறும் மிளகுக் கொடி என்று தோட்டங்கள் பரவியிருக்கின்றன. காபி இலையில் இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் மட்டுமே உண்டு. தோலை உரிப்பது சிரமம் என்பதால் அச்சு எடுப்பதே நல்லது. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு, நிழலில் நிற்கும் செடியிலிருந்து மூன்று இலை, வெயில் படும் செடியிலிருந்து மூன்று இலை பறியுங்கள். கிளை நுனியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது ஜோடியாக, எல்லாம் ஒரே வயது இலையாக இருக்க வேண்டும். அடிப்பக்கத்தைத் துடைத்து, நடுநரம்புக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லிய ஒரு பூச்சாகத் தடவுங்கள். 15 நிமிடம் காயட்டும். செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, மெதுவாக உரித்து, அப்படியே ஸ்லைடில் ஒட்டிவிடலாம். தடிமனாகத் தடவினால் அச்சு மங்கும். காயாமல் உரித்தால் நூல் நூலாக இழுக்கும்.

எண்ணுவதற்கு முன் மைக்ரோஸ்கோப்பின் பார்வைப் பரப்பை அளக்க வேண்டும், இதைச் செய்யாத அறிக்கைக்கு மதிப்பில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேலை மேடையில் வைத்து, 10 மடங்கு பொருளருகு லென்ஸில் எத்தனை மி.மீ. தெரிகிறது என்று பாருங்கள். 1.8 மி.மீ. என்றால், 40 மடங்கு லென்ஸில் அதில் கால் பங்கு, அதாவது 0.45 மி.மீ. விட்டம். பரப்பு சுமார் 0.16 சதுர மி.மீ. ஒரு பார்வைப் புலத்தில் 32 துளை எண்ணினால் சதுர மி.மீட்டருக்கு 200. ஒவ்வொரு இலைக்கும் ஐந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். விளிம்பில் பாதி தெரியும் துளைகளை இடப் பக்கம் சேர்த்துக்கொண்டு வலப் பக்கம் விட்டுவிடுவது போல ஒரு விதி வைத்துக்கொண்டு கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். பொதுவாக வெயில் இலையில் துளை நெருக்கமாக இருக்கும், இலையும் தடித்திருக்கும். ஆனால் ஆறு இலையை வைத்து "நிரூபித்தோம்" என்று எழுதக் கூடாது, "எங்கள் மாதிரியில் இப்படி இருந்தது" என்றுதான் எழுதலாம். காலை எட்டு மணி முதல் பத்துக்குள் அச்சு எடுத்தால் பல துளைகள் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். உச்சி வெயிலில், காற்று வறண்டிருந்தால் காபி சீக்கிரம் மூடிக்கொள்ளும். துளையின் இரு பக்கமும் இருக்கும் காப்புச் செல்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, பின்னாலேயே நீரும் புகுந்து உப்பினால் துளை திறக்கும். நீர் வெளியேறினால் மூடும். வெங்காயத்தில் பார்த்த அதே சவ்வூடு பரவல்தான், அதாவது சவ்வைத் தாண்டி நீர் நகர்வதுதான், இங்கே கதவை அசைக்கிறது.

இலையைப் புரட்டும்போது இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நடுநரம்பிலிருந்து பக்க நரம்பு பிரியும் மூலையில் குண்டூசி முனை அளவு சிறு குழி இருக்கும். கை லென்ஸில் பார்த்தால் சிலவற்றில் உண்ணிகள் (சிலந்தி இனத்துச் சிற்றுயிர்கள்) குடியிருப்பது தெரியும். அவற்றில் சில பூஞ்சையைத் தின்பவை. அதனால் செடிக்கு நோய் குறைகிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம், ஆகவே உறுதியாக எழுத வேண்டாம்.

அதே அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி கண்ணில் பட்டால், செயல்திட்டத்தின் நடுப்பகுதி கிடைத்துவிட்டது. அது இலைத் துருநோய், ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே காபியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது இதுதான். இதன் வித்து முளைக்க இலையில் சில மணி நேரம் நீர் நிற்க வேண்டும், வெறும் ஈரப்பதம் போதாது. முளைத்ததும் இலைத்துளை வழியாக உள்ளே போகிறது. செல்களுக்கு இடையே இழை இழையாகப் பரவி, செல்லுக்குள் உறிஞ்சு உறுப்பைச் செருகி உணவை எடுக்கிறது. சில வாரம் கழித்து இலைத்துளை வழியாகவே வெளியே வந்து பொடியைக் கொட்டுகிறது. மேல்பக்கத்தில் அதே இடம் மஞ்சள் புள்ளியாகத் தெரியும். 100 லிட்டர் நீருக்கு அரை கிலோ மயில்துத்தம், அரை கிலோ சுண்ணாம்பு என்ற கணக்கில் பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவையைத் தோட்டத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்கச் சொல்வது இதனால்தான். மேல்பக்கம் மட்டும் நனைத்தால் வாசலில் காவல் இல்லை. ஒரு எச்சரிக்கை: துரு பிடித்த இலையை மூடிய கவரில் போட்டு எடுத்து வாருங்கள். அந்தப் பொடி உடையில் ஒட்டும், அதே உடையில் இன்னொரு தோட்டத்துக்குள் போகாதீர்கள்.

இங்கிருந்து சூழ்நிலை மண்டலத்துக்குப் போவது எளிது. நிழல் குறைந்தால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டுக்குக் கொண்டாட்டம், வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் அது முட்டையிடுகிறது. நிழல் மிகுந்தால் இலை காயாமல் ஈரம் நிற்கும், ஆனால் காய்ப்பும் குறையும். நிறையக் காய்த்துச் சோர்ந்த செடியைத் துரு எளிதில் பிடிக்கும் என்பதால், நிழல் மொத்தத்தில் துருவைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. சில்வர் ஓக் கிளையைக் கவாத்து செய்யும் ஒவ்வொரு முறையும் தோட்டக்காரர் இந்தத் தராசைத்தான் சரிசெய்கிறார். உணவுச் சங்கிலி என்று புல், மான், புலி வரைவதை விட, காபித் தண்டு, துளைப்பான் புழு, மரங்கொத்தி என்று எழுதினால் அது கண்ணால் பார்த்த சங்கிலியாக இருக்கும். ஒவ்வொரு படியிலும் 10 சதவீத ஆற்றலே மேலே போகிறது என்ற சூழலியலாளர் லிண்டேமானின் 1942ஆம் ஆண்டு விதியையும் எழுதலாம், ஆனால் அது தோராயம். உயிரினத்தைப் பொறுத்து அதற்கு மேலும் கீழும் போகும்.

தோட்டத்துச் சருகிலும் மண்ணிலும் வாழும் சிற்றுயிர்களைப் பார்க்க ஒரு சோதனை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, கொசுவலையை விடக் கொஞ்சம் பெரிய கண் உள்ள வலையை வைத்து, தோட்டத்துச் சருகையும் மேல்மண்ணையும் ஒரு கைப்பிடி போடுங்கள். கீழே சோப்பு நீர். மேலே 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் 40 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. சூடாகாது, அது பயன்படாது. ஒன்றிரண்டு நாளில் வில்வாலிகளும் (துள்ளிக் குதிக்கும் மிகச் சிறிய மண் உயிர்கள்) உண்ணிகளும் சூட்டுக்கும் வறட்சிக்கும் பயந்து கீழே இறங்கி விழும். பல்பை நெருக்கி வைத்தால் இறங்குவதற்குள் மேலேயே செத்துவிடும்; "எங்கள் மண்ணில் உயிரில்லை" என்ற தவறான முடிவு வருவது அப்படித்தான்.

மலை நீர் எங்கே போகிறது என்று பார்த்தால் சேலத்துக்கே திரும்பிவிடலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவில் பெய்யும் மழைதான் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு வருகிறது, திருமணிமுத்தாறும் இந்த மலையில்தான் பிறக்கிறது. ஆறு நகருக்குள் வந்து சாக்கடை கலந்ததும் பாக்டீரியாக்கள் அந்தக் கழிவைத் தின்று பெருகி, நீரில் கரைந்த ஆக்ஸிஜனைத் தீர்க்கின்றன. நஞ்சு எதுவும் கலக்காவிட்டாலும் இது ஒன்றே மீனைக் கொல்லப் போதும். இரண்டு சிறு பாட்டில்களில் ஒன்றில் ஏரி நீர், ஒன்றில் ஆற்று நீர், காற்றே இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, இளநீலம் வரும் அளவுக்கு இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் மெத்திலீன் நீலம் என்ற சாயச் சொட்டு விட்டு, மூடி, இருட்டில் வையுங்கள். எது முதலில் நிறம் இழக்கிறதோ அதில் ஆக்ஸிஜன் முதலில் தீர்ந்தது. இது ஒப்பிட்டுப் பார்க்கத்தான் உதவும், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாது. கையுறை அவசியம். மாதிரி எடுத்த நேரத்தையும் குறியுங்கள், விடியலுக்கு முன் கரைந்த ஆக்ஸிஜன் மிகக் குறைவாகவும் பிற்பகலில் அதிகமாகவும் இருக்கும். குளிர்ந்த ஏற்காடு ஏரியில் ஆக்ஸிஜன் ரொம்ப அதிகம் என்றும் ஊகிக்க வேண்டாம். 20 டிகிரி நீர் அங்கே லிட்டருக்கு அதிகபட்சம் ஏழரை மி.கி. சொச்சம் பிடிக்கும், 30 டிகிரி நீர் சேலத்தில் ஏழேகால். குளிர் கொடுப்பதை அழுத்தக் குறைவு பெரும்பாலும் பிடுங்கிவிடுகிறது.

உடல் பகுதிக்கு நாடித் துடிப்பு போதும். சேலத்தில் ஒருமுறை, ஏற்காட்டில் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு முழு நிமிடம் எண்ணுங்கள், அதற்கு முன் காபி, டீ வேண்டாம். நான்கைந்து துடிப்பு வேறுபாடு சாதாரண ஏற்ற இறக்கம்தான். ஆக்ஸிமீட்டரே இரண்டு சதவீதம் முன்பின் காட்டும், விரல் சில்லிட்டிருந்தாலோ மருதாணி, நகப்பூச்சு இருந்தாலோ இன்னும் தவறும். ஐந்தாறு பேரிடம் தலா மூன்று முறை எடுத்த சராசரிதான் பேசும். ஒரு நாள் மலைப் பயணத்தில் சிவப்பணு கூடியது என்று எழுதவே கூடாது, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களைப் படியேறும் சோதனையில் சேர்க்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே வீட்டில் யாருக்காவது ஏற்காட்டில் மூச்சுத் திணறினால் மலைமேல் பழியைப் போட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், அது நான் பதில் சொல்லும் எல்லைக்கு வெளியே.

ஒரு வாரம்தான் அவகாசம் என்றால் சருகையும் ஆற்று நீரையும் விட்டுவிடலாம். சனிக்கிழமை வெங்காயம், ஞாயிறு காலை ஏற்காட்டில் நிழல் இலையும் வெயில் இலையும் துரு இலையும், அங்கேயே நாடித் துடிப்பு. அச்சுகளை அன்று இரவே எண்ணிவிடுங்கள். அட்டவணையில் மூன்று நெடுவரிசை போதும்: எந்த வாசல், எது உள்ளே, எது வெளியே. நேர்முகத்தில் "இலைத்துளை ஏன் அடிப்பக்கம்?" என்று நிச்சயம் கேட்பார்கள். வெயிலும் காற்றும் குறைவாகப் படுவதால் நீர் இழப்பு குறையும் என்று பதில் சொல்லிவிட்டு, தாமரை இலையில் மட்டும் ஏன் மேல்பக்கம் இருக்கிறது என்பதையும் மகள் தயாராக வைத்திருக்கட்டும்.